ஏரிக்கரையில் இரண்டு டெலிகன்வர்ட்டர்கள்

ஜனவரி 4

மீன்கொத்தி இன்றைக்கும் அக்கரையில் அதே பட்ட கிளையில்தான் உட்கார்ந்திருந்தது. என் ஜூம் லென்ஸை 400 மி.மீ. வரை நீட்டி எடுத்துப் பார்த்தால் படத்தின் நடுவே ஒரு நீலப் பொட்டு. பெரிதாக்கினால் இறகு தெரியவில்லை, சதுரம் சதுரமாகப் பிக்சல்தான் தெரிகிறது. கரையைச் சுற்றிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே பறந்துவிடும். 600 மி.மீ. லென்ஸ் வாங்கித் தினமும் சுமக்க என்னால் ஆகாது.

அதனால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் ஒன்று, 1.4 மடங்கு, வாங்கியிருக்கிறேன். நண்பர் ஒருவர் தன்னுடைய 2 மடங்கையும் சில வாரம் வைத்துப் பார் என்று கொடுத்திருக்கிறார். இரண்டையும் என் 100-400 மி.மீ. ஜூமில் மாட்டிப் பார்த்து, கண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 5

மாட்டுவதற்கு முன் கவனித்தது: டெலிகன்வர்ட்டரின் முன்கண்ணாடி, லென்ஸோடு பூட்டிக்கொள்கிற மவுண்ட் வளையத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்கிறது. அது நுழைய லென்ஸின் பின்பக்கத்தில் குழிவாக இடம் இருக்க வேண்டும். எல்லா ஜூமிலும் அந்த இடம் கிடையாது. கேனானின் ஆர்எஃப் வரிசை லென்ஸான 100-500-ல் டெலிகன்வர்ட்டர் போட்டால் 300 மி.மீ.க்குக் கீழே ஜூமைச் சுருக்க முடியாது. அதே ஆர்எஃப் வரிசையில் முதலில் வந்த 70-200 எஃப் 2.8-ல் மாட்டவே முடியாது. மவுண்ட் ஒன்றுதானே என்று நம்பி அழுத்தினால் கண்ணாடியோடு கண்ணாடி மோதும். தயாரிப்பாளர் தரும் பொருத்தப் பட்டியலை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். என் லென்ஸ் அதில் இருக்கிறது.

ஜனவரி 9

ஒளிக் கணக்கு. லென்ஸ் வரைகிற பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, சென்சார் முழுக்கப் பரப்பித் தருவதுதான் டெலிகன்வர்ட்டரின் வேலை. வருகிற ஒளி அதேதான், விழுகிற பரப்பு மட்டும் கூடுகிறது. 1.4-ஐ 1.4-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2. ஆக ஒளி பாதியாகிறது, ஒரு ஸ்டாப் (ஒரு முறை பாதியாவதற்கு அந்தப் பெயர்) போயிற்று. 2 மடங்கில் பரப்பு நாலு மடங்கு, போவது இரண்டு ஸ்டாப்.

எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் கூடினால் ஒளி குறையும். 400-ல் எஃப் 5.6 ஆக இருந்த என் லென்ஸ் 1.4 போட்டதும் 560 மி.மீ. எஃப் 8. 2 மடங்கில் 800 மி.மீ. எஃப் 11. இன்று காலை வெறும் லென்ஸில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800 போதுமாக இருந்தது. அதே வேகத்துக்கு 1.4-ல் 1600, 2-ல் 3200 வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் லென்ஸ் நீண்டால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை. இந்த இரண்டு பக்க நெருக்கடியைத்தான் முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். எஃப் 2.8 ஜூம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்கள் 2 மடங்கு போட்ட பிறகும் எஃப் 5.6-ல்தான் நிற்பார்கள்.

ஜனவரி 17

இன்று முழுப் பகலும் சோதனை. சின்ன எழுத்தில் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டி, முக்காலி வைத்து, ரிமோட்டில் எடுத்தேன். டெலிகன்வர்ட்டர் இல்லாமல் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால், அதாவது கிராப் செய்தால் போதாதா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும்.

என் கேமரா 24 மெகாபிக்சல். 1.4 மடங்குக்கு கிராப் செய்தால் மிச்சம் சுமார் 12. 2 மடங்குக்கு 6 மட்டும்.

1.4-ஐ முழுத் திறப்பில், அதாவது எஃப் 8-ல் எடுத்த படம் கிராப் படத்தைவிடக் கொஞ்சம்தான் மேல். எஃப் 11-க்கு மூடியதும் எழுத்தின் ஓரங்கள் பளிச்சென்று பிரிந்தன. கிராப்பில் அவை பிரியவே இல்லை. டெலிகன்வர்ட்டர் பிம்பத்தைப் பெரிதாக்கும்போது லென்ஸில் ஏற்கெனவே இருக்கிற குறைகளும் கூடவே பெரிதாகின்றன. ஒரு ஸ்டாப் மூடினால் அந்தக் குறைகளில் பல அடங்கிவிடும்.

2 மடங்கில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. திறப்பே எஃப் 11. எஃப் 16-க்குப் போனால் ஒளி விளிம்பில் சிதறுவதால் எல்லாமே லேசாக மென்மையாகிவிடுகிறது. எஃப் 11-லேயே எடுத்துப் பார்த்தேன். 1.4 படத்தை இன்னும் கொஞ்சம் கிராப் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் லென்ஸுக்கு இதுதான் நிலவரம். இன்னும் கூர்மையான லென்ஸில் வேறு மாதிரி வரலாம்.

ஜனவரி 25

அரை நிலா. சென்சாரில் நிலாவின் விட்டம் எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய கணக்கு: குவியத் தூரத்தை, அதாவது லென்ஸின் மி.மீ. எண்ணை, 110-ஆல் வகுத்தால் போதும். 400-க்கு 3.6 மி.மீ., 560-க்கு 5.1, 800-க்கு 7.3. என் கேமராவில் அது முறையே சுமார் 600, 850, 1200 பிக்சல்.

இங்கே 2 மடங்கு நன்றாகவே கைகொடுத்தது. நிலா அவசரப்படுத்துவதில்லை. 800 மி.மீ.யில் நொடிக்கு ஏறத்தாழ 10 பிக்சல்தான் நகர்கிறது, 125-ல் ஒரு பங்கு நொடிக்கு அது ஒன்றுமே இல்லை. முக்காலியில் வைத்து, கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை (லைவ் வியூ) பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்தேன். ஒளி-நிழல் கோட்டை ஒட்டிய பள்ளங்களின் விளிம்பு நிழல்களை இவ்வளவு தெளிவாக நான் எடுத்ததே இல்லை. ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 2

மீன்கொத்தி வந்தது. பதினொரு மணி, வெயில் ஏறியிருந்தது. 800 மி.மீ.யில் நாற்பது படம், ஒன்றுகூடத் தேறவில்லை. சில படங்களில் அலகு வளைந்திருந்தது, சிலவற்றில் கிளையே நெளிந்தது. முதலில் டெலிகன்வர்ட்டரில் கோளாறோ என்று பயந்துபோனேன். அப்புறம் 400-ல் எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதிலும் அதே நெளிவு.

காரணம் காற்று. நடுவில் இருக்கிற நூறு மீட்டரில் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஆடுகின்றன. அதன் வழியாக வருகிற ஒளி வளைந்து வளைந்து வருகிறது. லென்ஸை நீட்ட நீட்டப் பறவையோடு சேர்ந்து அந்த ஆட்டமும் பெரிதாகிறது. எந்தக் கண்ணாடியாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் நெளிந்த நிலையிலேயே உறையும்.

பிப்ரவரி 3

அதே இடம், அதே டெலிகன்வர்ட்டர், சூரியன் எழுந்து அரை மணி நேரம். படம் கூர்மை. நேற்றைய பயம் தீர்ந்தது.

பிப்ரவரி 15

மேகமூட்டம். எஃப் 11-ல் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடிக்கொண்டே இருந்தது. அதற்குள் நாரை இறங்கி, மீனைப் பிடித்து, போயும் விட்டது. 1.4-ல் இந்தத் தொல்லை மிகக் குறைவு. என்னுடையது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா என்பதால் எஃப் 11-ல் ஃபோகஸ் நடக்கவாவது நடக்கிறது. அந்தக் கண்ணாடி உள்ள பழைய எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் எஃப் 5.6 தாண்டினால் நின்றுவிடும், சிலவற்றில் எஃப் 8 வரை நடுப்புள்ளி மட்டும் வேலை செய்யும்.

இரண்டு விஷயம் உதவியது. ஃபோகஸ் தேடும் எல்லையைக் குறுக்கும் லிமிட்டர் என்ற பொத்தான் லென்ஸில் இருக்கிறது, அதைத் தூரத்துக்குத் தள்ளி வைத்தேன். பறவை வந்து உட்காரப்போகிற கிளையில் முன்கூட்டியே ஃபோகஸைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகு தேட வேண்டிய தூரம் கொஞ்சம்தான்.

மார்ச் 1

இன்றைய நாளை மறக்க மாட்டேன். மீன்கொத்தி வரவில்லை. காலடியில் நாணலில் ஒரு சிவப்புத் தும்பி வந்து உட்கார்ந்தது. 2 மடங்கு மாட்டியே இருந்தது, லிமிட்டரைத் திறந்துவிட்டுக் குனிந்தேன்.

டெலிகன்வர்ட்டர் போட்டாலும் லென்ஸ் ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரம் மாறுவதில்லை. என் லென்ஸ் ஒரு மீட்டர் வரை நெருங்கும், அப்போது பிம்பம் நிஜ அளவில் 0.3 பங்கு. 1.4-ல் அது 0.42, 2-ல் 0.6. நாலு செ.மீ. தும்பி 36 மி.மீ. அகலச் சென்சாரில் 24 மி.மீ. நீளத்துக்கு நிறைந்து நின்றது. அதுவும் ஒரு மீட்டர் தள்ளி இருந்தே! மேக்ரோ லென்ஸோடு இந்த அளவுக்குப் போயிருந்தால் மூக்கருகே போக வேண்டும், தும்பி எப்போதோ பறந்திருக்கும்.

ஃபோகஸ் ஆழம் மட்டும் நூலளவுதான். கண்ணும் இறக்கையும் ஒரே தளத்தில் வரும்படி பக்கவாட்டில் நகர்ந்தேன். நடுவில் இருக்கிற காற்று ஒரு மீட்டர்தான், ஆகவே நெளிவே இல்லை. இறக்கை நரம்புகளின் கட்டம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. தூரத்துக்கு என்று வாங்கிய பொருளின் நல்ல பக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.

மார்ச் 8

நண்பரிடம் 2 மடங்கைத் திருப்பிக் கொடுத்தேன். என் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் லென்ஸிலேயே மாட்டியிருக்கிறது, கழற்றுவதாக இல்லை. நாளை விடியும் முன்பே கரைக்குப் போகிறேன். நாணல் பக்கம் பனித்துளியோடு தும்பிகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் அது.