ஆரல்வாய்மொழியில் அரை மணி நேரம்

வள்ளியூருக்குச் செல்லும் வழியில், ரயில் பார்ப்பதற்காகவே ஆரல்வாய்மொழி நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன். நாகர்கோவில்–திருநெல்வேலி இருப்புப்பாதை 1981ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் இந்தக் கணவாயின் ஊடாகவே தண்டவாளம் சென்றது. ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்றும் இதே இடைவெளியில் நெருங்கிப் பாய்வதால்தான் அருகிலுள்ள முப்பந்தலைச் சுற்றிலும் அத்தனை காற்றாலைகள் எழுந்தன. பச்சைக் கொடி காட்டப்பட, ஒரு விரைவு வண்டி நிற்காமல் கடந்தபோது, காற்றின் இரைச்சலில் அதன் ஓசை மிகத் தாமதமாகவே காதை எட்டியது. மலையையும் ரயிலையும் ஒருசேரக் காண, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைவிடச் சிறந்த நிலையம் இல்லை என்றே கருதுகிறேன். செல்ல விரும்புவோர் மறவாமல் நடைமேடைச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.