நெல்லையப்பருக்கு ஒரு ‘ர்’ குறைந்தது

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா மூன்று தடவை மாடிக்கு ஓடி வத்தலை அள்ளினார். மூன்று தடவையும் பாளையங்கோட்டைக்கு மேலே ஒரு துண்டு மேகம் கிடையாது. குற்றவாளி நான்தான்.

அப்பாவின் பழைய கேசட்டுகளை எல்லாம் கணினியில் எம்பி3 கோப்புகளாக ஆக்கினேன். ஆக்கி முடித்ததும் அடுத்த மனு வந்தது. கண்புரை எடுத்த பிறகும் ரிதம்பாக்ஸ் என்கிற பாட்டு பிளேயரில் வருகிற எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். சரி, ஓடுகிற பாட்டின் பெயரைச் சினிமா போஸ்டர் அளவுக்குக் காட்டுகிற பிளகின் ஒன்றை, அதாவது பிளேயரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரலை, பைத்தான் மொழியில் எழுதினேன். அறுபது வரி, அரைமணி நேரம். பெருமையாக இருந்தது.

பெயர் பெரிதாகத்தான் வந்தது. ‘நெல்லையப்ப’ என்று வந்தது.

“என்னலே இது, சாமி பேரை? கூடப் படிச்சவனைக் கூப்பிடுத மாதிரி போட்டிருக்க.”

‘ர்’ எங்கே போனது? எழுத்துருவைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். சன்னலின் அகலத்தைச் சந்தேகப்பட்டேன், திரையை அடைக்கிற அளவுக்கு இழுத்தேன். அப்புறம் எதுவரை ஓடுகிறது என்று பார்க்க, நிரலில் பத்து இடத்தில் பிரிண்ட் கட்டளை போட்டு டெர்மினலில் ஓட்டினேன். என் பிரிண்ட் ஒன்றுகூட வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் திருத்திக்கொண்டிருந்தது டவுன்லோட்ஸில் கிடந்த நகல். பிளேயர் ஓட்டிக்கொண்டிருந்ததோ பிளகின் ஃபோல்டரில் இருந்த அசலை. டவுனில் தேர் நிற்க, நான் பாளையங்கோட்டையில் வடம் பிடித்து இழுத்திருக்கிறேன்.

வத்தலுக்கு வருகிறேன். பிளகினில் ஒரு புள்ளியை மாற்றினாலும் பிளேயரை மூடித் திறக்க வேண்டும். திறந்தால் அதே நாதஸ்வரம் முதலிலிருந்து. அந்தக் கேசட், ரேடியோவுக்கு முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துப் பிடித்தது. அப்படிப் பிடித்தால் ரேடியோவோடு வீடும் சேர்ந்து பதிவாகும். நாதஸ்வரம் எடுத்த நாலாவது விநாடியில் ஆச்சி குரல் வரும். “ஏலே! மழை வருது, வத்தலை எடுலே!”

ஏலே என்றது அப்பாவை. அவருக்கு இப்போது காதும் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் சத்தம் முழுசாக இருக்கும். அக்கா குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆச்சி போய்ப் பதினோரு வருஷம். அக்காவுக்கு எப்படித் தெரியும், பாவம்? மூன்றாம் தடவை அள்ளியதும் நேரே எங்கள் வாசலுக்கு வந்து, “உங்க வீட்டுப் பெரியம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலையோ?” என்று அம்மாவிடம் கேட்டார். காயாத கூழ்வத்தல் வேட்டியோடு ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டதாம். அம்மா எங்கள் வத்தலில் பாதியைக் கொடுத்து அனுப்பினாள். அதற்கு எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது.

துப்பு கொடுத்தது அப்பாதான். “காந்திமதி கேசட்டுல பேரு முழுசா வருதே. அம்மாளுக்கு வாரது அய்யாவுக்கு மட்டும் ஏன் வரலை?”

எண்ணிப் பார்த்தேன். எம்பி3 கோப்பின் வால் பக்கம், கடைசி 128 பைட்டில், பாட்டின் விவரங்களை எழுதிவைக்கிற ஐடி3 டேக்கின் முதல் பதிப்பு உட்கார்ந்திருக்கும். அதில் பாட்டின் பெயருக்கு ஒதுக்கியது 30 பைட். படிக்கச் சுலபமாக இருக்கிறதே என்று பிளகினை அதைப் படிக்கவைத்திருந்தேன். ஆங்கிலம் என்றால் 30 எழுத்து கொள்ளும். யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் எழுதுகிற யுடிஎஃப்-8 முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘நெ’ நமக்கு ஒரு எழுத்து, யூனிகோடுக்கு நகரம் தனி, கொம்பு தனி. மெய்யின் தலையில் இருக்கிற புள்ளிக்குக்கூடத் தனி டிக்கெட். ஆக, ஏழெழுத்து நெல்லையப்பர் 12 குறியாகி 36 பைட் கேட்கிறார். காந்திமதிக்கு 27 போதும், அம்மாள் சௌகரியமாக உள்ளே இருக்கிறாள். 247 எழுத்து என்று அடித்து மனப்பாடம் செய்யவைத்தார்களே, புள்ளிக்கு மூணு பைட் ஆகும் என்று ஒரு வாத்தியாராவது சொன்னாரா?

இதில் எரிச்சல் என்னவென்றால், 30ஐ 3 மீதியில்லாமல் வகுக்கும். குறியின் நடுவில் வெட்டினால் வருகிற கட்டமோ கேள்விக்குறியோ விழாமல், அரிவாள்மணையில் நறுக்கிய மாதிரி வெட்டுப்பட்டதால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு பைட் முன்பின் ஆகியிருந்தால் முதல் தடவையிலேயே மாட்டியிருக்கும், அக்காவின் வத்தலும் பிழைத்திருக்கும்.

கோப்பின் தலைப்பக்கம் இருக்கும் இரண்டாம் பதிப்பைப் படிக்கிற மாதிரி மாற்றினேன். டேக்கைப் படித்துக்கொடுக்க மியூட்டாஜன் என்கிற பைத்தான் நூலகம் இருக்கிறது, நாலு வரி வேலை. அக்காவை நினைத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஓட்டினேன். ‘நெல்லையப்பர்’ மரியாதையோடு வந்து நின்றார்.

“சரியாயிட்டா?”

“சரியாயிட்டுப்பா. பாருங்க.”

அப்பா திரையைப் பார்க்கவில்லை. “ஒரு தடவை வந்தாப் போதுமாலே? இன்னொருக்க மூடித் திற” என்றார். “சத்தத்தைக் கூட்டி வை.”