டேங்க் கழுவுற பக்கத்துல இருந்து கிராஃப்ட் பீர்

கிராஃப்ட் பீர், அதாவது சின்ன ஆலைங்க அவங்க பாணில செய்ற பீர், அது பத்தி எழுதுறவங்கள்ல நெறைய பேர் கிளாஸ் கையில வச்சுக்கிட்டு எழுதுறாங்க, நான் ஹோஸ் புடிக்கிற ஆளு, அந்தப் பக்கத்துல இருந்து எழுதுறேன். மொதல்ல ஒரு பெரிய லாகர் (குளுர்ல மெதுவா நொதிக்கிற பீர் வகை) ஆலையோட லேப்ல இருந்தேன், அப்புறம் ஒரு சின்ன ப்ரூவரிக்கு (பீர் ஆலை) செல்லார் வேலைக்கு, அதாவது பீர் நொதிக்கிற டேங்க்குங்கள பாத்துக்குற வேலைக்கு வந்து இப்போ அங்கயே ப்ரூயிங்கும் பாக்குறேன். ரெண்டு எடத்துலயும் வேலை பாத்ததுல மனசுல ஊறிப் போன கருத்து ஒண்ணு இருக்கு. புதுசா ஏதாவது செய்றவங்களுக்கு இந்த உலகம் குடுக்குற மரியாதைய, ஒரே பீர திரும்பத் திரும்ப அதே ருசில தப்பில்லாம செய்றவங்களுக்குக் குடுக்க மாட்டேங்குது. அதுல எனக்கு நெசமாவே வருத்தம்.

ப்ரூயர், அதாவது பீர் செய்றவர்னு சொன்னதும் எல்லாரும் கெட்டில்ல ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் குடுக்குற பூ) அள்ளிப் போடுறதத் தான் நெனைக்கிறாங்க. அது இருக்கு, நல்லாவும் இருக்கும், இல்லன்னு சொல்லல. மால்ட்ட (மொளைக்க வச்சுக் காய வச்ச பார்லி) ஒடச்சு சுடுதண்ணில கலந்து 65, 66 டிகிரில ஒரு மணி நேரம் வைக்கிறோம், இந்தக் கலவைக்குப் பேரு மேஷ், மால்ட்ல இருக்குற என்சைம் ஸ்டார்ச்ச சர்க்கரையா மாத்துது, அதுக்கு மேல ரெண்டு மூணு டிகிரி போனா ஈஸ்ட்டால திங்க முடியாத சர்க்கரை கூடி பீர் வாய்க்குக் கனமா வரும், கீழ போனா மெலிசா வரும், அப்புறம் வடிகட்டி ஒரு மணி ஒன்றரை மணி கொதிக்க வச்சு ஹாப்ஸ் போட்டு ஆற வச்சு ஈஸ்ட் சேக்குறோம். ஒரு ஷிஃப்ட்ல முடிஞ்சுரும். மிச்ச நாள் பூரா கழுவுறது, அளக்குறது, காத்திருக்குறது, திரும்பக் கழுவுறது. 25 கிலோ மால்ட் மூட்டை தூக்குறதும் சக்கைய அள்ளி வெளிய தள்ளுறதும் தனிக் கணக்கு.

கழுவுறத கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா பீரோட தரம் பாதி அங்க தான் முடிவாகுது. பீர் காலியான டேங்க்குள்ள கார்பன் டை ஆக்ஸைடு நெறஞ்சு கெடக்கும். அத வெளியேத்தாம நேரா காஸ்டிக்க (கடுமையான காரத் திரவம்) ஓட விட்டா, காஸ்டிக் அந்த வாயுவ உறிஞ்சு கார்பனேட்டா மாறி வீரியம் போயிரும், அது கூடப் பரவால்ல, வாயு போன எடத்துல வெற்றிடம் உண்டாகி காத்து உள்ள வர வழி இல்லன்னா ஸ்டீல் டேங்க்கே உள்பக்கமா நசுங்கிரும். அதனால மொதல்ல காத்தோட்டம். அப்பயும் தலைய உள்ள விடக் கூடாது, அந்த வாயு காத்த விட கனம், அடியிலயே தங்கி நிக்கும், ஆள நொடில சாச்சிரும். பெறகு தண்ணி, சூடான காஸ்டிக், தண்ணி, ஆசிட், கடைசில கிருமி கொல்ல பெரசெட்டிக் ஆசிட். இதெல்லாம் பம்ப்பே செஞ்சுரும், ஆனா சாம்பிள் வால்வ கையால தான் கழட்டணும். கேஸ்கெட்ட (கசிவத் தடுக்குற ரப்பர் வளையம்) உருவி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா சில சமயம் ஓரத்துல மங்கலா வெள்ளையா ஒரு படிவு இருக்கும், நகத்தால சொரண்டினா பொடிப் பொடியா உதிரும். அது பீர்ஸ்டோன், கால்சியம் ஆக்சலேட். காஸ்டிக்குக்கு மசியாது, ஆசிட் தான் கரைக்கும், அதுக்கு அடியில தான் பீரப் புளிக்க வைக்கிற பாக்டீரியா பத்திரமா ஒளிஞ்சுக்கும். பளபளன்னு இருக்குற டேங்க்க போட்டோ எடுத்துப் போடுறவங்க நெறைய, அந்தக் கேஸ்கெட்ட உருவிப் பாக்குறவங்க கம்மி.

இன்னொரு விஷயம் டைஅசெட்டில், பாப்கார்ன்ல வர்ற வெண்ணெய் வாசனை. ஈஸ்ட் வளரும் போது அதுக்கு முந்தின பொருள் ஒண்ண வெளிய விடும், அது மெதுவா டைஅசெட்டிலா மாறும், நேரம் குடுத்தா ஈஸ்ட்டே அத திரும்ப இழுத்து வாசனை இல்லாத பொருளாக்கிரும். சிக்கல் என்னன்னா முந்தின பொருளுக்கு வாசனை கெடையாது. டேங்க்ல மோந்து பாத்தா சுத்தமா இருக்கும், கேன்ல அடைச்சு கடைக்குப் போய் ரெண்டு வாரம் கழிச்சுத் தான் வெண்ணெய் கெளம்பும். இத முன்கூட்டியே புடிக்க பெருசா மெஷின் எதுவும் வேணாம். ரெண்டு சாம்பிள் எடுத்து மூடி, ஒண்ண சுடுதண்ணில 60 டிகிரிக்கு மேல அரை மணி நேரம் கிட்ட வச்சு, ஆற வச்சு, ரெண்டையும் மூடி தொறந்து மோந்து பாக்கணும். சூடு பண்ணதுல வெண்ணெய் வந்தா பீர் இன்னும் ரெடி இல்ல. பெரிய ஆலைல இந்த டெஸ்ட்ல பாஸ் ஆகாத டேங்க்க யாரும் குளுர வைக்க மாட்டாங்க, மேனேஜர் வந்து நின்னாலும் சரி. சின்ன எடங்கள்ல "வெள்ளிக்கிழமை ரிலீஸ் அறிவிச்சாச்சு, ஒண்ணும் ஆகாது, எறக்குங்க"ன்னு ஒரு குரல் வரும், அங்க தான் எல்லாம் கெடுது.

ஏன் அந்த அவசரம்? டேங்க் கணக்கு தான். ஏல் வகை ஈஸ்ட் 18, 20 டிகிரி வாக்குல வேலை செஞ்சு ரெண்டு மூணு வாரத்துல டேங்க்க விட்டுக் குடுத்துரும். லாகர் 10 டிகிரி கிட்ட மெதுவா நொதிச்சு, அதுக்கப்புறம் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வாரக்கணக்குல கெடக்கணும். ஒரு லாகர் ஒக்காந்திருக்குற எடத்துல ரெண்டு ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஏல்) முடிச்சு வித்துறலாம். ஆக, கிராஃப்ட்னாலே ஐபிஏன்னு ஆனதுக்கு ரசனை மட்டும் காரணம் இல்ல, டேங்க் எத்தன தடவ சுத்துதுங்கறதும் காரணம். அதோட ஹாப்ஸ் வாசனை பலமா இருந்தா சின்னக் கொறைகள மூடிரும். வெளிர் லாகர்ல எதையும் மூட முடியாது, ஒரு சின்ன சல்ஃபர் வாசனை, கொஞ்சம் ஆக்ஸிஜன், எல்லாம் அப்படியே தெரியும். பெரிய கம்பெனி லாகர தண்ணி மாதிரி இருக்குன்னு கேலி பண்றத நான் தெனம் கேக்குறேன். உங்களுக்குப் புடிக்காம இருக்கலாம், அது உங்க நாக்கு, அத நான் மதிக்கிறேன். ஆனா வேற வேற ஊர் ஆலைல, வேற வேற வருஷ அறுவடை மால்ட்ல செஞ்சு, வித்தியாசமே தெரியாம குடுக்குறது இந்தத் தொழில்லயே கஷ்டமான வேலை. கேன்ல அடைச்ச பொறகு மொத்த ஆக்ஸிஜன் 50 பிபிபிக்கு (நூறு கோடில 50 பங்கு) கீழ இருக்கணும்னு நாங்க லேப்ல அடிச்சுக்குவோம், அதத் தாண்டினா சில மாசத்துல ஈர அட்டைப் பொட்டி ருசி வந்துரும். சின்ன எடத்துல அந்த அளவுக்குப் போறத விடுங்க, அத அளக்குற மீட்டரே பல பேர்கிட்ட கெடையாது. தண்ணியும் அப்படித்தான், பெரிய ஆலைங்க லிட்டர் பீருக்கு 3, 4 லிட்டர் தண்ணில முடிக்கிறாங்க, சின்ன எடத்துல 7 லிட்டர் போறது சாதாரணம்.

நாம பயன்படுத்துற கருவிகள்ல பாதி அந்தப் பெரிய ஆலைங்க குடுத்தது தான். 1883ல கார்ல்ஸ்பெர்க் லேப்ல எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒத்த ஈஸ்ட் செல்லப் பிரிச்சு அதுல இருந்து சுத்தமா வளத்தாரு, அவங்க அத மூடி வைக்காம மத்த ஆலைங்களுக்கும் குடுத்தாங்க. மேஷ்ல தெனம் பாக்குற பிஹெச் (அமிலத்தன்மை) அளவு, 1909ல அதே லேப்ல சோரன்சன் கொண்டு வந்தது. புள்ளியியல் படிக்கிற பசங்க எல்லாரும் பாக்குற ஸ்டூடன்ட் டி டெஸ்ட், கின்னஸ்ல வேலை பாத்த கோசெட் 1908ல புனைபேர்ல வெளியிட்டது, கொஞ்சமா இருக்குற சாம்பிள்ல இருந்து எவ்ளோ நம்பலாம்ங்கற ஆலைப் பிரச்சனைல இருந்து பொறந்தது. இதெல்லாம் ஒரே மாதிரி நல்லா செய்யணும்னு பிடிவாதமா இருந்தவங்களால வந்த விஷயம்.

அதுக்காக கிராஃப்ட் இயக்கம் எதுவும் செய்யலன்னு அர்த்தம் இல்ல, நான் அதுக்குள்ள இருக்குறதே புடிச்சுப் போய்த் தான். அமெரிக்காவுல 1965ல ஃபிரிட்ஸ் மேடாக் மூடப் போன ஆங்கர் ப்ரூவரியக் கையில எடுக்கலன்னா, 1976ல ஜாக் மெக்காலிஃப் பால் பண்ணை பாத்திரங்கள வச்சு நியூ ஆல்பியன் ப்ரூவரிய ஆரம்பிக்கலன்னா, 1980ல சியரா நெவாடா ப்ரூவரி கேஸ்கேட்ங்கற ஹாப்ஸ் வகைய நம்பி எறங்கலன்னா, இன்னிக்கு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இந்த வேலையே இல்ல. ஆனா அந்த ஆரம்பத்து ஆளுங்களப் பாருங்க, சியரா நெவாடா பேல் ஏல் அத்தன வருஷமா அதே பீர். தெனம் ஒரு புது லேபிள் அவங்க போடல.

இப்போ ஓடுற புதுமை மோகத்துல எனக்குக் கோவம் வர்ற எடம் ஒண்ணு இருக்கு. பழக்கூழ நொதிக்க விடாம கடைசில ஊத்தி, பாஸ்சரைஸ் பண்ணாம கேன்ல அடைச்சு, ஃப்ரிட்ஜ்லயே வைங்கன்னு லேபிள்ல எழுதிட்டா கடமை முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க. உள்ள சர்க்கரையும் ஈஸ்ட்டும் இருந்தா வெளிய வெயில்ல ஒரு நாள் இருந்தாப் போதும், கேன் உப்பும், வெடிக்கவும் செய்யும். அது ஆபத்து, ஸ்டைல் இல்ல. டிரை ஹாப்லயும் (கொதி முடிஞ்ச பெறகு டேங்க்ல ஹாப்ஸ் சேக்குறது) இது மாதிரி ஒரு சமாச்சாரம் இருக்கு, ஹாப்ஸ்லயே இருக்குற என்சைம், மிச்சமான மாவுச் சத்த ஒடச்சு ஈஸ்ட்டுக்குத் திரும்ப சாப்பாடு போடும், ஆல்கஹால் ஏறும், டைஅசெட்டிலும் திரும்ப வரும். பிரவுன், மாரிஸ்னு ரெண்டு பேர் 1893லயே இத எழுதி வச்சாங்க. கிலோ கிலோவா ஹாப்ஸ் கொட்டுற காலம் வந்ததும் எல்லாருக்கும் இது புதுத் தலைவலியா ஆச்சு.

யாரு கிராஃப்ட் யாரு இல்லங்கற சண்டைல எனக்கு ஆர்வம் கம்மி. 2011ல கூஸ் ஐலண்ட்ங்கற கிராஃப்ட் ப்ரூவரிய ஏபி இன்பெவ்ங்கற பெரிய பீர் கம்பெனி வாங்குனப்போ துரோகம்னாங்க, வித்தவங்க மேல எனக்கு வன்மம் இல்ல. நான் கேக்குறது வேற, வாங்குன பெறகு அந்த செல்லார்ல நின்னவங்க என்ன ஆனாங்க, அவங்க மெத்தட் என்ன ஆச்சு, அதத் தான்.

ஆளுங்க பத்தியும் சொல்லணும். ஆசை இருக்குல்ல, அப்போ சம்பளம் கொறைவா இருந்தா என்னங்கற நெனப்பு இந்தத் தொழில்ல ரொம்பப் பரவிக் கெடக்கு. முதுகு போகுது, காஸ்டிக் பட்டுக் கை வெந்தவங்க இருக்காங்க, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு கையுறையும் போடச் சொன்னா பயந்தாங்கொள்ளிங்கறாங்க. ஷிஃப்ட் முடிஞ்சா ஓசி பீர்ங்கறத சலுகையா சொல்றாங்க, சம்பளத்துக்குப் பதிலா அத எண்ணிக் காட்டுறதும் நடக்குது, குடிய விடணும்னு நெனைக்கிற தொழிலாளிக்கு அந்த எடத்துல மூச்சு விட எடமே இல்ல, அதப் பத்தி யாரும் பேசுறதும் இல்ல. பொம்பளைங்களுக்கு இன்னும் மோசம். 2021ல ஒரு பெண் ப்ரூயர் வேலை எடத்துல பொம்பளைன்னு அவங்க பட்ட அனுபவத்தச் சொல்லி மத்தவங்களையும் கேட்டப்போ, அமெரிக்காவுல தொடங்கி நூத்துக்கணக்குல கதைங்க வந்து விழுந்துச்சு, சில முதலாளிங்க பதவி விலகினாங்க. எங்க செல்லார்ல இருக்குற பொண்ணு என்னை விட நல்லா டைஅசெட்டில் மோப்பம் புடிப்பா, டூருக்கு வர்றவங்க ப்ரூயர் எங்கன்னு அவகிட்டயே கேப்பாங்க.

கொஞ்ச வருஷமா நெறைய ப்ரூவரிங்க மூடுறாங்க, 2023ல ஆங்கரே மூடினாங்க. இந்த நேரத்துல முதலாளிங்க யாராவது கேட்டா நான் சொல்றது, அடுத்த கேன் லேபிளுக்கு ஓவியர் தேடுறதுக்கு முன்னாடி ஒரு ஆக்ஸிஜன் மீட்டர் வாங்குங்க, ஒரு மைக்ரோஸ்கோப் வாங்குங்க, அத பாக்கத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒழுங்கா சம்பளம் குடுங்க. எங்க எடத்துல இப்போ ஒரு பில்ஸ்னர் (வெளிர் லாகர் வகை) டேங்க்ல ஒக்காந்திருக்கு. டைஅசெட்டில் டெஸ்ட் பாஸ், ஆனா சல்ஃபர் வாசனை இன்னும் முழுசாப் போகல, அதனால ஹெட் ப்ரூயர் ரிலீஸத் தள்ளி வச்சுட்டாரு. சேல்ஸ்காரங்க தெனம் வந்து கேக்குறாங்க, அவரு தெனம் அதே பதில் தான் சொல்றாரு.