குழந்தைக் கட்டிலை வாங்கும்முன் ஒரு உலுக்கு உலுக்கிப் பாருங்கள்

குழந்தைக் கட்டில் கேட்டால் விற்பவர் முதலில் சொல்வது மரத்தின் பெயர். தேக்கு, பீச், பைன், ரப்பர் மரம். மரம் முக்கியம்தான். ஆனால் கட்டில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் இணைப்புகளில். தூங்கும் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு நாமும் கண்ணயர்வது வீட்டில் இந்த ஒரு சாமானை நம்பித்தான். அதனால் அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஒரு உலுக்கு, பக்கவாட்டில் ஒரு உலுக்கு. புதுக் கட்டிலே கிறீச்சிட்டால் வேண்டாம். அடுத்து, குனிந்து இணைப்புகளைப் பாருங்கள். நல்ல கட்டிலில் நீளமான போல்ட், சட்டத்துக்குள் குறுக்கே பதித்த உருளை நட்டில் போய் இறங்கும். இரும்பை இரும்பு பிடிப்பதால் பலமுறை கழற்றி மாட்டினாலும் மரை தேயாது. மட்டமான கட்டிலில் மர ஸ்க்ரூவையே சட்டத்தின் வெட்டுமுனையில் முடுக்கியிருப்பார்கள். நார் ஓடும் திசையிலேயே ஸ்க்ரூ இறங்குவதால் பிடிப்பு குறைவு. குழந்தை எழுந்து நின்று, சட்டத்தைப் பிடித்துக் குதிக்கத் தொடங்கியதும் துளை அகன்று, ஸ்க்ரூ சும்மா சுற்றும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஈரம் பட்டால் அது உப்பவும் செய்யும். கட்டிலின் சட்டங்கள் கெட்டி மரமாகவே இருக்கட்டும். பைன் மென்மையானது, பல் பட்டால் தடம் விழும். ஆனால் கணு இல்லாத சட்டங்களும் சரியான போல்ட்டும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். மெல்லிய சட்டத்தின் நடுவில் பெரிய கணு இருந்தால் எந்த மரமானாலும் அங்கேதான் முறியும்.

அடுத்தது இடைவெளி. பக்கக் குச்சிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. குழந்தையின் உடம்பு தலையைவிட ஒடுங்கலானது: கால் முதலில் நுழையும், இடுப்பும் நழுவிவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கையில் ஸ்கேல் இல்லையென்றால் சாதாரணப் பருமனுள்ள குளிர்பான டப்பாவை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அந்தக் கட்டில் வேண்டாம். எல்லா இடைவெளியையும் பாருங்கள், ஒரு குச்சி தளர்ந்திருந்தாலும் அங்கே அளவு மாறிவிடும். தலைமாட்டுப் பலகையில் பூ, நிலா என்று துளை போட்டு வேலைப்பாடு செய்த கட்டில்களிலும் இதே ஆபத்து உண்டு. மூலைக் கால்களின் உச்சியில் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தால் சட்டையின் கழுத்து அதில் மாட்டி இறுக்கும். அமெரிக்க விதி அங்கே 1.5 மி.மீ.க்கு மேல் நீட்டலை அனுமதிப்பதில்லை. உச்சி வழவழவென்று மட்டமாக இருப்பதுதான் நல்லது.

பக்கச் சட்டத்தை ஏற்றி இறக்கும் வகைக் கட்டிலை, யார் அன்பாகக் கொடுத்தாலும், ஏற்காதீர்கள். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் உடைந்தால் சட்டம் ஒரு மூலையில் மட்டும் கழன்று சாயும். சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே உண்டாகும் பிளவில் குழந்தை சரிந்து மூச்சு முட்டும். இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் அமெரிக்கா 2011 ஜூனில் இவற்றின் விற்பனையைத் தடை செய்தது. பழைய கட்டில்களில் பெயின்ட்டும் கவலைதான். பல் முளைக்கும் குழந்தை மேல்சட்டத்தைக் கடிக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை வீட்டிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம், தூசி வீடெங்கும் பரவும்.

மெத்தை கட்டிலோடு பொருந்த வேண்டும். நான்கு பக்கமும் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. 120க்கு 60, 140க்கு 70 செ.மீ. என இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. கட்டிலின் உள்ளளவை அளந்த பிறகே மெத்தை வாங்குங்கள். கெட்டியாக இருக்கிறதா என்று நடுவில் உள்ளங்கையை அழுத்திப் பாருங்கள். எடுத்ததும் பள்ளம் மேலே வந்துவிட வேண்டும். குழந்தைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்ற ஆசை நமக்குத்தான். குப்புறத் திரும்பிய குழந்தையின் முகம் புதைய அந்தப் பள்ளம் போதும். தடிமன் 10 முதல் 12 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் பக்கச் சட்டத்தின் உயரம் அவ்வளவுக்குக் குறைந்துவிடும். பக்கவாட்டுத் திண்டு, தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். அந்தத் திண்டுகளையும் அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது.

மெத்தைப் பலகையை உயர்த்தவும் தாழ்த்தவும் வசதி உள்ள கட்டிலாக எடுங்கள். பிறந்த புதிதில் மேல்மட்டம் நம் முதுகுக்கு நல்லது. குழந்தை உட்காரப் பழகும்முன் ஒரு படி இறக்கிவிட வேண்டும், எழுந்து நிற்கும்முன் அடிமட்டத்துக்கு. அடிமட்டத்தில் பலகையிலிருந்து மேல்சட்டம் வரை 60 செ.மீ.க்குக் குறையக்கூடாது.

பொருத்தும்போது பலர் செய்யும் தவறு, முதல் போல்ட்டையே முழுக்க முறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் கடைசித் துளை நேராக வராது. வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை போய்விடும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி ஏற்றிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்குங்கள். மரம் காய்ந்தும் ஈரம் ஏறியும் சுருங்கி விரியும், அதனால் போல்ட் தானாகவே தளரும். பொருத்திய ஒரு வாரத்தில் ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் சரிபார்க்க, போல்ட்டை முறுக்கும் அறுகோணச் சாவியான ஆலன் கீயை மெத்தைப் பலகையின் அடியில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். ஆணியோ கம்பியோ கட்டி ஒப்பேற்றாதீர்கள், உடைந்த பாகத்தை மாற்றுவதுதான் வழி. வார்னிஷும் பெயின்ட்டும் நன்றாகக் காய்ந்து வாடை அடங்க வாரங்கள் ஆகும்; பேறுகாலத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கட்டிலைக் கொண்டுவந்து, ஜன்னல் திறந்த அறையில் போட்டுவையுங்கள்.

மற்ற சாமான்களில் நான் கண்டிப்பாக இருப்பது இழுப்பறை அலமாரியில் மட்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்குத் திறந்த இழுப்பறைகள் படிக்கட்டு. ஏறினால் மொத்த அலமாரியும் குழந்தையின் மேலே சாயும். எல் வடிவப் பட்டையால் சுவரோடு முடுக்கிவிடுங்கள். செங்கல் சுவரில் வெறும் ஸ்க்ரூ நிற்காது, துளைக்குள் செருகும் பிளக்கும் வேண்டும். கனமான துணிகள் கீழ் இழுப்பறையில். துணி மாற்றும் மேசை உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் குனிய வேண்டாம், ஓரங்களில் தடுப்பு இருக்கட்டும். வார் பூட்டியிருந்தாலும் ஒரு கை குழந்தைமேல் இருக்க வேண்டும். டயபர் எடுக்கத் திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் உருளும்.

கட்டிலை ஜன்னலுக்கும் திரைக் கயிற்றுக்கும் எட்டாமல், ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். குழந்தை 90 செ.மீ. உயரத்தை எட்டினாலோ, அதற்கு முன்பே சட்டத்தில் காலைத் தூக்கிப் போட முயன்றாலோ, அன்றே கட்டிலை மாற்றிவிடுங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றிச் சிறுவர் கட்டிலாக்கும் வகையாக இருந்தால், கழற்றிய போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அந்தப் பக்கச் சட்டத்தோடேயே கட்டிவையுங்கள். இரண்டாவது குழந்தைக்கு மறுபடி பூட்டும்போது தேட வேண்டியிருக்காது.