குரோட்டன்ஸ் ஏன் வெளுத்துப் பச்சையாகிறது?

வாங்கும்போது சிவப்பும் மஞ்சளுமாக மின்னிய குரோட்டன்ஸ், ஹால் மூலைக்குப் போன சில மாதங்களில் வெறும் பச்சையாகிவிடும். உரக் குறையல்ல, வெளிச்சக் குறை. தினம் 4 மணி நேரமாவது காலை வெயில் படும் கிழக்கு ஜன்னலோரம் வையுங்கள். அடுத்து வரும் துளிர் நிறத்தோடு வரும்.

இடம் மாற்றியதும் கீழ் இலைகள் கொட்டும். பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், வேர் அழுகுவது அப்படித்தான். மண்ணில் 2 செ.மீ. விரலை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மண்கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1, மண்புழு உரம் 1.

ஏசி அறையில் வைத்தால், இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய செஞ்சிலந்தி எட்டிப்பார்க்கலாம். இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் தெரியும். திருப்பிப் பார்த்தால் நடுநரம்பை ஒட்டி மெல்லிய வலை, அதில் தூசு போல நகரும் புள்ளிகள். முதலில் குழாயடியில் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள். முட்டை பொரித்து மறுபடி வருமென்பதால் வாரம் ஒருமுறை, 3 வாரம்.

கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிவிடும்போது, கையுறை போடுங்கள். வடியும் பால் தோலில் பட்டால் அரிப்பெடுக்கலாம். துணியில் பட்டால் கறை எளிதில் போகாது.