கொழுந்து மலையில் வேலைத்திறன் மதிப்பீடு: மார்ச் மாதக் குறிப்புகள்

04.03.2025, செவ்வாய்

வலது மணிக்கட்டு முறிந்து பொருந்தியபின் தேயிலைக் கொழுந்து பறிப்புக்குத் திரும்பவிருக்கும் தொழிலாளி. இன்று பிடிவலு மட்டும். கதிரையில் இருத்தி, மேற்கையை உடம்போடு ஒட்டவைத்து, முழங்கையை 90 பாகை மடக்கி, பிடிவலுவை அளக்கும் டயனமோமீட்டரின் கைப்பிடியை இரண்டாம் நிலையில் வைத்து, ஒவ்வொரு கைக்கும் மூன்று தடவை எடுத்துச் சராசரி போட வேண்டும். காலைக் குளிரில் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) நடந்து வந்தவரின் விரல் விறைத்திருக்கும். ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துக் கை சூடான பிறகே அளக்கலாம்.

இந்த எண்ணை வைத்துக் கொழுந்து பறிப்பைக் கணிக்க முடியாது. கிள்ளும் வேலை பெருவிரல், சுட்டுவிரல், மணிக்கட்டின் சிறு திருப்பம் ஆகியவற்றில் இருக்கிறது.

05.03.2025, புதன்

மலையில் ஏ.டபிள்யூ.பி. (Assessment of Work Performance, வேலை செய்வதைக் கண்டு புள்ளியிடும் முறை) படிவம். 14 திறன்கள்: உடலியக்கம் 5, செயல்முறை 5, தொடர்பாடல் 4. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. கண்ணால் காணாத திறனுக்குப் புள்ளி இல்லை. ஊகித்து 3 போடும் பழக்கத்தை விட வேண்டும்.

முதல் மணிநேரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரைமணியில் படிவத்தை மூடியிருந்தால் எல்லாம் 4. இரண்டாம் மணியில்தான் இடது கை முந்தத் தொடங்கியது. வலது கை கிளையை ஒதுக்குவதோடு நின்றது. பறிக்கும் உயரத்தைக் காட்டும் மட்டக்கம்புக்கு மேல் கொழுந்து விடுபட்டது, பைக்குள் முற்றின இலை கலந்தது. நேரத்தோடு கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'வலியால்' என்று எழுதினால் அது கண்டதல்ல, முடிவு. காரணத்தை அவரிடம் பிறகு கேட்கலாம்.

"முடியுமா?" என்று கேட்டால் "முடியுங்க" என்றுதான் பதில் வரும், பேர், அதாவது நாட்சம்பளக் கணக்கு, குறையுமென்ற பயம். "எந்த நிறுவைக்கு அப்புறம் கை கனக்குது?" என்று கேட்டால் பேச்சு வரும்.

07.03.2025, வெள்ளி

நிறை. நாள் மொத்தத்தை மட்டும் எடுத்தால் சரிவு மறைந்துபோகும். காலை, பகல், அந்தி நிறுவைகளைத் தனித்தனியே குறிக்க வேண்டும். ஈரக் கொழுந்தின் நிறையில் தண்ணீருக்கான கழிவு கழிக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வறட்சியில் எல்லாருக்கும் கிலோ குறைவு. முறிவுக்கு முன்பு ஏப்ரல், மே மாதங்களில் அவர் பறித்த கணக்கோடு ஒப்பிட்டால் அநியாயம். அதே மலையில், அதே நாளில், பக்கத்து நெரைக்காரரோடு (அடுத்த தேயிலை வரிசையில் பறிப்பவரோடு) ஒப்பிடலாம்.

அந்தப் பக்கத்து நெரைக்காரர் ஒரு பிடி கொழுந்தை இவரது பைக்குள் போடுவதும் உண்டு. குற்றமில்லை, ஆனால் குறிப்பில் வர வேண்டும். அந்த உதவி இருக்கும்வரைதான் இந்த நிறை.

12.03.2025, புதன்

அறிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் 2001 வகைப்பாடு இயலளவையும் (ஒருவரால் எவ்வளவு முடியும்) நடைமுறைச் செயற்பாட்டையும் (வழக்கமான சூழலில் உண்மையில் என்ன செய்கிறார்) பிரித்துச் சொல்கிறது. பிடிவலுவும் மலைக் குறிப்பும் ஒரே பந்தியில் கலக்கக் கூடாது.

'இலகு வேலை' என்று எழுதி அனுப்புவது ஆபத்து. இலகு வேலையென்று புல் சுரண்டப் போட்டால் மணிக்கட்டுக்குக் கொழுந்தைவிடக் கஷ்டம். நாற்றுமேடையில் மண் நிரப்பும்போதும் உள்ளங்கையால் அழுத்த வேண்டும். ஆகவே அசைவைப் பெயர் சொல்லி எழுதினோம்: வலக்கையால் ஓங்கி வெட்டும் வேலை வேண்டாம், பை பாதி நிறைந்ததும் கொட்டிவிடலாம், சாய்வு குறைந்த நெரை, முதல் இரண்டு கிழமைக்குப் பகல் நிறுவையோடு நிறுத்தம். பாதி நாளுக்கு அரைப் பேரா, முழுப் பேரா என்பதைத் தோட்டத்தோடு முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்க வேண்டும். அது தெரியாவிட்டால் அவர் அந்திவரை பறிப்பார்.

மறுமதிப்பீடு 02.04.2025, அதே மலை, இரண்டாம் மணியிலிருந்து.