மேற்கு ஜன்னல்

ஏப்ரல் 6, 2025

720 சதுர அடி. அதற்கு மேல் ஓர் அடிகூடக் கூட்டுவதாக இல்லை. பணம் ஒரு காரணம். அம்மா கட்டிலிலிருந்து எழுந்து அடுப்படி வரை நடக்க வேண்டிய தூரம் இன்னொரு காரணம். ஹால் சின்னதாகவே இருக்கட்டும். மேற்கே குற்றாலத்துத் திரிகூடமலை, அதற்கு முன்னால் வயல். இவை தெரியாத அறை இந்த வீட்டில் வேண்டாம்.

ஏப்ரல் 9

மேஸ்திரி அண்ணாச்சி ஜன்னலுக்குக் கீழே 3 அடிச் சுவர் என்கிறார். "எல்லா வீட்டுக்கும் அப்படித்தானே டீச்சர்." நின்று பார்க்கிறவர்களுக்கு அது சரி. அம்மா படுத்திருக்கிறாள். கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் சேர்ந்து அவள் கண் தரையிலிருந்து இரண்டே கால் அடியில் இருக்கிறது. 3 அடிச் சுவர் வந்தால் நாள் முழுக்க அவளுக்கு வானமும் கரண்ட் கம்பியும்தான். ஒன்றரை அடிக்கு இறக்கச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

டேப்பைப் பிடித்து அளந்தபோது, "என்னட்டி, பெட்டிக்கு அளவெடுக்கியா?" என்றாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 10

ஒன்றரை அடி. விடப்போவதில்லை.

ஏப்ரல் 17

சித்தப்பா வந்தார். தென்மேற்குக் கன்னி மூலையைத் திறந்து போடாதே தாயி என்று மூன்று தலைமுறைக் கதையைச் சொன்னார். அம்மாவுக்கும் அதே பயம். அவள் பயந்துகொண்டே பார்க்கிற மலை எதற்கு? மூலையிலிருந்து 3 அடி கெட்டிச் சுவர், அப்புறம் ஜன்னல் என்று மாற்றிவிட்டேன். மூலை பலமாக இருப்பது கட்டடத்துக்கும் நல்லதுதான். கிழக்கே தலை, மேற்கே கால். சாஸ்திரமும் ஒத்துக்கொள்கிறது, கண் நேராக ஜன்னலுக்குப் போகிறது.

ஏப்ரல் 22

தூக்கம் இல்லை. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் தன் அப்பா அம்மாவுக்குக் கட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1923-24இல் கட்டியது. 64 சதுர மீட்டர்தான், அதாவது நம் கணக்கில் 690 சதுர அடிக்குள். ஏரிப் பக்கம் 11 மீட்டருக்கு ஒரே நீள ஜன்னல். முதலில் வீட்டை வரைந்துவிட்டு, பிறகு அதற்கேற்ற இடத்தைத் தேடியிருக்கிறார். தோட்டத்திலோ ஏரியை மறைத்துச் சுவர் எழுப்பி, அதில் ஒரே ஒரு சதுரத் திறப்பு வைத்திருக்கிறார். எல்லாப் பக்கமும் தெரிந்தால் கண் எதிலும் நிற்காது என்பது எனக்குப் புரிகிறது. அந்த அப்பா ஓராண்டு அளவுக்குத்தான் அங்கே இருந்தார். அம்மா 1960 வரை இருந்தார். 1960 வரை!

மே 3

வயலில் மனை பிரித்துக் கல் ஊன்றியிருக்கிறார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள்.

சாயங்காலம் முழுக்க மனையிலேயே நின்றேன். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் கிட்டத்தட்ட 10 டிகிரி. மலை சரியாக ஒரு முஷ்டி. பேஸ்மட்டம் 2 அடி, அதற்கு மேல் அம்மாவின் கண் இரண்டே கால் அடி. 60 அடி தள்ளி ஒருவர் 11 அடி உயரத்தில் தளம் போட்டால் ஆறரை டிகிரி போய்விடும். வயல் போச்சு, அடிவாரம் போச்சு, உச்சி மிஞ்சும். மாடி எடுத்தால் உச்சியும் இல்லை. அடுத்தவர் நிலத்தை நம்பித்தான் இத்தனை நாளும் ஜன்னல் வரைந்திருக்கிறேன். அவர்களும் வீடு கட்டத்தானே வாங்குகிறார்கள், யாரிடம் கோபப்படுவது? ஆனாலும் கோபமாக இருக்கிறது.

மே 4

தம்பி போனில். "காம்பவுண்டை 6 அடிக்கு எழுப்பிருக்கா, அந்த வீடுக வந்தாலும் கண்ணுல படாது." கூடவே மலையும் படாதுடா. வைத்துவிட்டேன்.

மே 12

அம்மாவுக்கு ஸ்கேன். அடுத்தது மாதக் கடைசியில்.

மே 26

பருவமழை இந்த வருஷம் ஒரு வாரம் முந்திவிட்டது. 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கியாயிற்று. கடைக்கால் குழியில் தண்ணீர். கணவாய்க் காற்று சாரலை அப்படியே மேற்கிலிருந்து அறைகிறது. இதைத்தான் அண்ணாச்சி அன்றைக்கே மனதில் வைத்திருந்திருக்கிறார். "ஒன்றரை அடியில ஜன்னல் வச்சா அம்மா மெத்தை நனையும் டீச்சர்." இரண்டடி சன்ஷேடு இந்தக் காற்றுக்கு எந்த மூலைக்கு!

மேற்கே 6 அடி அகலத்துக்கு ஓட்டுத் தார்சா, அதாவது தாழ்வாரம், இறக்கினால்? சாரலும் நிற்கும், கோடை வெயிலும் நிற்கும். ஓட்டு நுனி 7 அடிக்கு வந்துவிடுமே, மலையை வெட்டுமே என்று பயந்து காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். நின்று பார்த்தால் வெட்டுகிறது. கட்டிலிலிருந்து பார்த்தால் வெட்டவில்லை! கண் தாழ்ந்திருப்பதால் ஓட்டுக்கு அடியில் ஏறக்குறைய இரண்டு முஷ்டி இடம் இருக்கிறது. மலைக்கு ஒன்று, மேலே மேகத்துக்கு ஒன்று. நிற்க முடிந்தவர்கள் தார்சாவுக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இரவு இரண்டு மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டிவிட்டேன். "மேகமும் தெரியுமாட்டி?" என்று கேட்டாள்.

மே 30

ஸ்கேன் பற்றி எழுதப் போவதில்லை.

ஜூன் 3

மேற்கே சுவர் கிடையாது, கம்பிவேலி. முடிவு.

ஜூன் 11

அஸ்திவாரத்துக்கு மேல் கான்கிரீட் பெல்ட் போட்டாயிற்று. அண்ணாச்சி தானாகவே வந்து, "தார்சாவுக்கு நடுத்தூண் வேண்டாம், ரெண்டையும் ஓரத்துக்குத் தள்ளிருதேன், அம்மா கண்ணுக்கு நேரா வரும்லா" என்றார். உத்தரத்தைக் கொஞ்சம் கனமாகப் போட வேண்டும், செலவு கூடும். போடுங்கள் என்றேன்.

கிரில் கம்பி நெடுக்கா, குறுக்கா என்று பட்டறையில் கேட்கிறார்கள். குறுக்கே வைத்தால் ஒரு கம்பி நிச்சயம் மலை விளிம்பிலேயே வந்து உட்காரும். நெடுக்குத்தான். இடைவெளி 4 அங்குலம். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை, காலையிலிருந்து தூங்குகிறாள்.